மேகம் வரைந்த இடம்

எனக்கு முகம் வராது. திண்டுக்கல்லில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் இது தெரியும், அதனால் மறைத்துப் பயனில்லை. தொழிலுக்கு வந்த புதிதில் கட்சிக்காரர்களுக்குச் சுவர் எழுதினேன். நான் வரைந்த தலைவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளைப் போலவே இருந்தார்கள். ஒரு கட்சிக்காரர் தன் தலைவரின் படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "இது யாருப்பா, ஒன் சித்தப்பாவா?" என்று கேட்டார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு நடவு கிடைத்தது. நாற்று நடும் பெண்களுக்கு முகம் தேவையில்லை. குனிந்திருப்பார்கள். முதுகு, முழங்கை, சேலைத் தலைப்பு, கையில் ஒரு கத்தை பச்சை. அது எனக்கு வரும். நன்றாகவே வரும். பள்ளிக்கூடச் சுவர், உரக்கடை, மண்பானைச் சமையல் என்று போர்டு மாட்டிய ஹோட்டல் என்று எல்லோருக்கும் ஒரு கிராமம் வேண்டியிருந்தது. மலை, தென்னை, ஓட்டு வீடு, ஏர் மாடு, குனிந்த பெண்கள். மாடு கட்டி உழுகிறவரைக் கடைசியாக எங்கே பார்த்தாய் என்று என்னைக் கேட்டால், நான் வரைந்த சுவரில்தான் என்று சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் பக்கம் டிராக்டர்தான். டிராக்டரை வரைந்தால் யாரும் கிராமம் என்று ஒப்புக்கொள்வதில்லை.

என் வீட்டுக்காரி நிஜமான நடவுக்குப் போகிறவள். ரெட்டியார்சத்திரத்துக்கும் கன்னிவாடிக்கும் நடுவில் எங்கள் ஊர். வெயில் காலத்தில் எனக்கு வேலை, மழை காலத்தில் அவளுக்கு வேலை. சுவர் காய்ந்தால் நான் சோறு போடுவேன், வயல் நனைந்தால் அவள் போடுவாள். கல்யாணத்தின்போது இந்தப் பொருத்தத்தை ஜோசியர் சொல்லவில்லை, நாங்களாகக் கண்டுபிடித்தது.

போன வருஷம் வத்தலக்குண்டு ரோட்டில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்தில் பெரிய வேலை வந்தது. சாப்பாட்டுக் கூடத்தின் நீளச் சுவர் முழுவதும் வயல். மண்டபத்து முதலாளி என் சரித்திரம் தெரிந்தவர்.

"ஆர்ட்டிஸ்டு, ஓட்டல்ல வரஞ்சதையே எனக்கும் வரஞ்சு வச்சிட்டுப் போயிராத. ஒரிஜினலா இருக்கணும். பந்தியில உக்காந்தா வயக்காட்டுல உக்காந்து சாப்பிட்ட மாதிரி இருக்கணும்."

"சேறு, அட்டை எல்லாம் வேணுமா முதலாளி?"

"வரஞ்சுதான் பாரேன், ஒன்னய அந்தச் சேத்துலயே எறக்கி விடுறேன்."

ஒரிஜினலுக்கு நான் எங்கே போவேன். அவள் நட்டுக்கொண்டிருந்த வயலுக்குப் போனேன். கன்னிவாடிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. வரப்பில் ஏறிப் போனை எடுத்ததும் பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"அண்ணே, எங்க மூஞ்சியும் விழுகுமா?"

"விழுகாது. அத நம்பித்தேன் வந்திருக்கேன்."

"அப்ப எதுக்கு நான் காலையில பவுடர் போட்டேன்?"

ஆள் சேர்த்துக் கூட்டிவரும் அக்கா ஒருத்தி, எங்கள் தெருதான், எல்லோரையும் ஒரு அதட்டல் போட்டாள். சிரிப்பு அடங்கியது. கல்யாண வீட்டில் வீடியோ விளக்கைக் கண்டவர்கள் போல அத்தனை பேரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தங்கள் தங்கள் இடத்தை மட்டும் பார்த்து ஒழுங்காக நட்டார்கள்.

நடவு பின்னோக்கிப் போகும் வேலை. வரிசையாக நின்று, ஆளுக்கு இவ்வளவு அகலம் என்று பிடித்துக்கொண்டு, நட்டு நட்டுப் பின்னால் நகர வேண்டும். நான் தலை வரப்பில் நின்றேன். அவர்கள் என்னைவிட்டு மெல்ல விலகிப் போனார்கள். என் வீட்டுக்காரி மட்டும் அவ்வளவாக விலகவில்லை. மற்றவர்கள் எட்டத்தில் சின்னச் சின்ன முதுகுகளாக ஆன பிறகும் அவள் எனக்குக் கிட்டத்திலேயே இருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் பச்சை. அவளுக்குப் பின்னால் மட்டும் ஒரு பட்டை நடாத தண்ணீர், அதில் மேகம் தெரிந்தது.

படம் எடுக்க வசதியாக எனக்காக நிற்கிறாள் என்று நினைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் புருஷன் தொழிலில் இவ்வளவு அக்கறை என்று, வரப்பிலேயே கொஞ்சம் கண் கலங்கியது என்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் படத்தைச் சுவரில் ஏற்றினேன். அவளைப் பெரிதாக, முன்னால் வைத்தேன். எங்கள் பக்கம் வயல் வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேலே வீட்டு ஆம்பளையின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள், நெல் தோகை அறுக்காது, வெயில் படாது. அவள் போட்டிருந்தது என் சட்டை. வேலைக்குப் போட்டுப் போட்டுப் பெயிண்ட் ஊறியது. தோளில் இருந்த பச்சை ஒரு பள்ளிவாசல் கேட், கையில் இருந்த சிவப்பு ஒரு நகைக்கடை ஷட்டர். ஒவ்வொரு கறையையும் அதே இடத்தில் வைத்தேன். அவள் இடது கை முழங்காலில் ஊன்றியிருந்தது, அதையும் வைத்தேன். பின்னால் இருந்த தண்ணீருக்கு என்னிடம் இருந்ததிலேயே நல்ல நீலத்தைக் கரைத்து, மேகத்தை விரலாலேயே தேய்த்து எடுத்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு மேகம் வந்ததில்லை.

முதலாளி வந்து பார்த்தார்.

"என்னப்பா எல்லாம் ஆம்பளச் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிதுக? கொத்தனார் வேலையா நடக்குது?"

"ஒரிஜினல்னு சொன்னீங்களே."

"ஒரிஜினலும் கொஞ்சம் அழகா இருக்கட்டும். பூவ வையி."

பேரம் பேசினோம். எட்டத்தில் இருந்த பெண்களின் சட்டையைக் கழற்றிவிட்டு ரவிக்கையும் தலையில் மல்லிகையும் கொடுத்தேன். முன்னால் நிற்பவளின் சட்டை மட்டும் அப்படியே இருக்கட்டும் என்று மன்றாடினேன். "சரி, ஒன்னு கெடந்துட்டுப் போகட்டும்" என்று விட்டார். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அவளிடமும் சொன்னேன். "அம்புட்டுப் பேருல நான் மட்டுந்தேன் சட்டையோடவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். தொட்டுக்கொள்ள வைத்திருந்த வெஞ்சனத்தை என் தட்டில் தள்ளிவிட்டு எழுந்து போனாள். வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மண்டபத்தில் முதல் முகூர்த்தங்களில் ஒன்று, நான் படம் எடுத்த அதே வயலின் வயல்காரர் வீட்டுக் கல்யாணம். நடவுக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் அழைப்பு இருந்தது. பந்தியில் எங்கள் வரிசை அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தது. இலை போட்டுத் தண்ணீர் தெளிப்பதற்குள் பெண்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"ஏத்தா, அது ஒன் புருசன் சட்டைதான?"

"எங்க சட்டயெல்லாம் எங்கடி? பொழுதன்னைக்கும் பூ வச்சுக்கிட்டா நடுறோம்?"

"என்னயப் பாருடி, இடுப்பு எப்பிடி இருக்கு. இந்தண்ணே கையி பொன்னான கையி."

ஆள் சேர்க்கிற அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என் கலையில் சொக்கிவிட்டாள் என்று நினைத்து நான் தலையை வேறு அசைத்தேன்.

வயல்காரர் பந்தி விசாரித்துக்கொண்டு வந்தார். எங்கள் வரிசையருகே வந்ததும் சுவரைப் பார்த்து நின்றார். மலையின் வளைவையும் சாய்ந்த தென்னையையும் கண்டுகொண்டார்.

"இது நம்ம வயலுல்ல? ஏய், இங்க வாங்கப்பா, நம்ம வயல இங்க வரஞ்சு வச்சிருக்கான்." பின்னாலிருந்த உறவுக்காரர்களை அழைத்துக் காட்டினார். முகமெல்லாம் சந்தோஷம். பிறகு கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தார். "அதென்ன நடுவுல இம்புட்டுத் தண்ணி?"

"அது படத்துக்காக அப்பிடிங்கய்யா" என்றாள் அந்த அக்கா, சட்டென்று.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். என் மேகத்தைக் கற்பனை என்று ஒருத்தி சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"கற்பனையெல்லாம் இல்லய்யா. அன்னைக்கு இருந்தது அப்பிடியே. போட்டோவே இருக்கு." சாம்பார்க் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினேன். "மேகம் எப்பிடி விழுந்திருக்கு பாத்தீங்களா?"

அவர் மேகத்தைப் பார்க்கவில்லை.

"எல்லாம் அங்க போயிருச்சு, இது ஒன்னு மட்டும் இன்னும் இங்கனயே நின்னுக்கிட்டு இருக்கு" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அந்த அக்காவிடம் திரும்பி, "ஏத்தா, அடுத்த நடவுக்கு இந்தப் பெயிண்டுச் சட்டக்காரி வேணாம். ஓடியாடி நடுற ஆளாக் கூட்டிட்டு வா. இல்லாட்டி வடக்கத்திப் பயலுகள எறக்கிருவேன். மிசினும் சும்மாத்தான் நிக்கிது" என்றார். "நல்லாச் சாப்பிடுங்க, பாயாசம் வருது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

பெயிண்டுச் சட்டைக்காரி அவருக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். அவருக்கு அவள் முகம் தெரியாது. இத்தனை வருஷமாக அவர் வயலில் நட்டவள். அவள் இலையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பாயாசம் வந்தது. அவளுக்குப் பாயாசம் என்றால் உயிர். வேண்டாம் என்று இலையை மூடினாள்.

வீட்டுக்கு வந்து பட்டுச்சேலையை அவிழ்த்து மடித்து வைத்த பிறகுதான் பேசினாள்.

"நான் ஒங்களுக்காக அங்கன நின்னேன்னா நெனச்சீங்க?"

"ஆமா."

அவள் சிரித்தாள். திட்டியிருக்கலாம்.

ஒரு வருஷமாகவே அவளுக்கு இடுப்பிலிருந்து வலது கால் வரை ஒரு இழுப்பு. குனிந்து செத்த நேரம் ஆனால் கால் மரத்துப்போகும். சேற்றுக்குள் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இரண்டு பக்கமும் நிற்கும் பெண்களுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தவள் இரண்டு குத்து, அந்தப் பக்கத்தவள் இரண்டு குத்து என்று அவள் இடத்தில் எட்டி நட்டுக் கொடுப்பார்கள். வரப்பிலிருந்து பார்த்தால் வரிசை நேராகத் தெரியும். அந்த அக்காவுக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை.

"நீங்க போட்டோ எடுக்க வந்தன்னைக்கி எல்லாரும் வெக்கப்பட்டுக்கிட்டு அவளுக எடத்தயே பாத்து நட்டாளுக. எட்டி நட்டா படத்துல அசிங்கமா விழுகும்னு. அன்னைக்கி ஒரு நாளுதான் நான் தனியா நட்டேன். அதத்தேன் நீங்க சொவத்துல ஏத்தி வச்சிருக்கீங்க."

அந்த முதுகை நான் எத்தனை வாரம் பார்த்திருக்கிறேன். படத்தைக் கட்டம் போட்டு, முதுகின் வளைவை நூல் பிடித்து அளந்து சுவரில் ஏற்றியவன் நான். முழங்காலில் ஊன்றிய கையை நளினம் என்று நினைத்து, அதற்குத் தனியாக ஒரு நிழல் கொடுத்தேன். அவள் விழாமல் இருக்க ஊன்றியிருக்கிறாள். காலையில் அவள் பாயிலிருந்து எழுந்திருக்கும்போது ஒரு கையைச் சுவரில் வைத்து நிதானிப்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த இடத்தில் சுண்ணாம்பு கறுத்துப்போகிறதே, மறுபடி ஒரு கோட்டிங் அடிக்க வேண்டுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. தொழில் புத்தி.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்து, "குனியாத வேலையாப் பாருங்கம்மா" என்றார்.

"எங்கூர்ல அப்பிடி எதுவும் இல்லீங்களே" என்றாள் இவள், பணிவாகத்தான்.

வீட்டில் இரு என்று நானும் சொன்னேன். ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. "மழைக்குள்ள நீங்க எந்தச் சொவத்துல வரைவீங்க?" என்று கேட்டாள்.

பிறகு அவள் தனக்கு வேண்டியதைச் சொன்னாள். "அந்தத் தண்ணிய மூடுங்க. அடுத்த முகூர்த்தம் கன்னிவாடிக்காரங்க கல்யாணம். சுத்துப்பட்டு வயக்காரவுக அம்புட்டுப் பேரும் அங்கதான் ஒக்காந்து சாப்பிடுவாக. இவரு ஒருத்தரோட போகாது. அப்பறம் யாரும் கூப்பிட மாட்டாக."

முதலாளியிடம் வெள்ளை கொஞ்சம் மங்குகிறது, டச்சப் செய்ய வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் போனேன். மேகத்தின் மேல் பச்சை வைத்தேன். ஒவ்வொரு நாற்றாக, மூன்று இழுப்பு, மூன்று இழுப்பு. அந்தத் தண்ணீர்ப் பட்டை அவள் காலடியில், சுவரின் அடிப்பக்கத்தில் தொடங்கியதால் குனிந்து போட வேண்டியிருந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அவள் வேதனை எனக்குப் புரிந்தது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். புரியவில்லை. எனக்குத் தலைக்கு மேல் ஃபேன் ஓடியது, நடுவில் டீ வந்தது.

நட்டு முடித்து எதிர்ச் சுவர் வரை பின்னால் போய்ப் பார்த்தபோதுதான் விஷயம் உறைத்தது. அவளைச் சுற்றி நாலு பக்கமும் இப்போது நாற்று. நட்ட வயலின் நடுவில் ஒருத்தி குனிந்து நிற்கிறாள். எந்த வழியாக வந்தாள், எதை நடுகிறாள், எதை மிதித்துக்கொண்டு வெளியே போவாள்? முன்பு பின்தங்கியவளாகத் தெரிந்தாள். இப்போது களவாட வந்தவள் போல இருந்தாள். சேற்றில் கால் வைத்த யாரும் இலையில் கை வைக்கும் முன்பே இதைப் பார்த்துவிடுவார்கள்.

அவளை அங்கிருந்து எடுக்க வேண்டியிருந்தது. வேறு வழியில்லை.

போன் செய்தேன். "எடுத்துரவா?" என்றேன். அந்தப் பக்கம் மாவு மிஷின் சத்தம் கேட்டது. "வரிசையில கொண்டு போயி விடுங்க" என்றாள். "ஓரத்துல இல்ல. நடுவுல."

சுவரில் பட்டி தேய்க்கிற தகட்டை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். முதலில் கால், பிறகு ஊன்றிய கை. தோளில் இருந்த பள்ளிவாசல் பச்சையை நாற்றுப் பச்சைக்குள்ளேயே கலந்துவிட்டேன். முதுகுக்குத்தான் நேரம் பிடித்தது. நான் உருப்படியாக வரைந்தது வாழ்க்கையில் அது ஒன்றுதான், பெயர்த்து எடுத்தபோது அதுவும் மற்றச் சுண்ணாம்பு மாதிரியே தரையில் விழுந்தது. தூரத்து வரிசையின் நடுவில் இன்னும் ஒரு சின்ன முதுகைச் சேர்த்தேன். ரவிக்கை, தலையில் பூ. ஆட்காட்டி விரல் உயரம்கூட இல்லை.

முதலாளி வந்து கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னமோ கொறையுதேப்பா" என்றார். "முன்னாடி காலியாக் கெடக்கு. ஒரு கொக்கு வையி."

வைத்தேன். கொக்குக்கு முகம் வராமல் போனாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

மழை வந்தது. அந்த அக்கா ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாசல்படியிலேயே நின்றாள். "கூட்டிட்டுப் போறேன் தம்பி. அவளுக கை குடுக்குறேன்னு சொல்லிட்டாளுக. அந்தாளுக்கு ஆளு தெரியாது, சட்டதான் தெரியும். சட்டைய மாத்தச் சொல்லு."

"ஆஸ்பத்திரியில குனியக் கூடாதுன்னு சொல்லிருக்காங்கக்கா."

"எனக்குந்தேன் சொன்னாக" என்றாள் அவள்.

என் வீட்டுக்காரியிடம் மறுபடி போகாதே என்று சொல்லிப் பார்த்தேன். அவள் பெட்டியைத் திறந்து என்னுடைய ஒரே நல்ல சட்டையை, கல்யாண வீடுகளுக்குப் போடும் வெள்ளைச் சட்டையை, எடுத்து உதறினாள். "ஒங்களுக்கு இனி எந்தக் கல்யாணம்?" என்றாள். அந்தப் பந்திக்குப் பிறகு அவள் சொன்ன முதல் கிண்டல் அது.

நடவன்று நானும் வயலுக்குப் போனேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டேன். வயல்காரர் மோட்டார் ரூம் பக்கத்தில் பிளாஸ்டிக் சேர் போட்டு, வயலைப் பார்க்க உட்கார்ந்திருந்தார். நான் போய் அவருக்குப் பின்பக்கம், வயலைப் பார்த்தபடி மோட்டார் ரூம் ஓரமாக நின்றேன். என்னைப் பார்த்துப் பேச அவர் சேரைத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினார்.

"என்ன ஆர்ட்டிஸ்டு, மறுபடி மேகம் பாக்க வந்தியா?"

"இல்லய்யா, ஒங்களப் பாத்துட்டுப் போகலாம்னு."

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதை ஆரம்பித்தேன். தலைவர் படத்தைச் சித்தப்பா என்று சொன்ன கதை. சிரித்தார். கோயில் கோபுரத்தில் பூதத்துக்குப் பெயிண்ட் அடித்தபோது தர்மகர்த்தா தன் ஜாடை இருக்கிறது என்று சண்டைக்கு வந்த கதை. சேர் ஆடச் சிரித்தார். அவர் தோளுக்கு மேலே எனக்கு வயல் தெரிந்தது. வெள்ளைச் சட்டை நடுவில் இருந்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் கைகள் அவள் இடத்துக்குள் எட்டி எட்டி வந்து போயின. ஒரு தடவை அவள் நிமிர முயன்றாள், பாதியிலேயே நின்று மறுபடி குனிந்துவிட்டாள். வரிசை நேராக இருந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, என்னதான் நடுறாளுகன்னு பாப்போம்" என்று சேரின் கையைப் பிடித்தார்.

"அய்யா, இன்னொன்னு இருக்கு" என்றேன். எதுவும் இல்லை. எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்திருந்தேன். "அய்யலூர்ச் சந்தையில ஒருத்தன் ஆடு வாங்கப் போனான்யா" என்று முடிவு தெரியாத ஒரு கதையை ஆரம்பித்தேன். அவர் மறுபடி சாய்ந்து உட்கார்ந்தார். வயலில் பாதி இன்னும் தண்ணீராகத்தான் கிடந்தது.